தாளின் பின்பக்கம்

வெளியீட்டுப் பிரிவு, தலைமை வளாகம்
ஜூன் 3

அன்புக் குண்டூசிக்கு,

இன்று சொல்லாமல் விட்டது: கடலோர வளாகத்தில் “எழில்மிகு நீச்சல் குளம்” என்று ஒன்று கிடையாது, மழைக்காலத்தில் அங்கே விளையாட்டு மைதானமே அப்படி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். உதவிப் பதிவாளரிடம் இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, “சரி சார்” என்றேன்.

விடுதியில் இருந்தபோது, எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் பாதியில் நின்றுவிடுகிறேன் என்று எனக்குக் கமா என்று பெயர் வைத்தவள் நீ. அதனால் மிச்சப் பாதி எப்போதும் உனக்குத்தான் வருகிறது.

கையேட்டு வேலை தொடங்கிவிட்டது. “பல்கலைக்கழகம்: ஓர் அறிமுகம்.” பன்னிரண்டு பக்கம், ஆறு வளாகம், மூன்றாவது வருடமாக நான். உதவிப் பதிவாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியும், அடைமொழி. நேற்று என் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது, ‘இரண்டாம் வளாகம் ரயில் பாதைக்கு அருகில் உள்ளது’ன்னு மொட்டையா நிக்குது? சட்டை போடும்மா அதுக்கு!”

போட்டேன். “எளிதில் அணுகத்தக்க வகையில் சிறப்புற அமைந்துள்ளது.” ரயில் போகும்போதெல்லாம் அங்கே பேராசிரியர்கள் வாயை மட்டும் அசைப்பதை எந்த அடைமொழியில் எழுதுவது? மூன்றாம் வளாகத்தில் மாட்டுக் கொட்டகை வகுப்பறையைவிடப் பெரியது, அது “விரிவான களப்பயிற்சி வசதி”. தொலைநிலைக் கல்விக்கான ஆறாம் வளாகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு மாடி. வளாகம் என்று சொல்ல மாடிப்படி மட்டும்தான்.

உன் வளாகத்துக்கு மட்டும் நான் பொய் எழுதவில்லை. பழைய நூற்பாலைக் கட்டடம் என்பதால், “அன்று நூல் நூற்ற இடம், இன்று நூல் வாசிக்கும் இடம்” என்று எழுதினேன். அடைமொழிக்கே பிடித்துவிட்டது.

என் அறைக்குச் சன்னல் கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். சாயங்காலம் அங்கிருந்து மகளிர் விடுதி, எட்டு மணிக்குப் பூட்டு. சில நாள் இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள தெருவில் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறேன்.

வழக்கம் போலக் கையேட்டுக்குப் பிழை பார்த்துக் கழித்த புரூஃப் தாள்களின் முதுகில்தான் எழுதுகிறேன். வளாகத் தபால் பை கிளம்புகிறது.

உன்,
கமா

நூலகம், நான்காம் வளாகம்
ஜூன் 6

அன்புக் கமா,

கோபப்படாதே, உன் கடிதத்தைவிட அதன் பின்பக்கம்தான் எனக்குச் சுவாரசியம். போன தடவை வந்த தாளின் பின்னால் அடைமொழி கையால் எழுதியிருந்ததைப் பார்த்தாயா? எங்கள் பொறுப்பாளரின் படத்துக்கு அம்புக்குறி போட்டு, “இவர் படம் வேண்டாம். தூங்குவது போல் இருக்கிறது.” தேநீர் நேரத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, மனுஷன் என் பின்னால் டம்ளரோடு நிற்கிறார். “நான் தூங்கலம்மா, யோசிச்சிட்டிருந்தேன்” என்றார் பாவம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இரண்டாம் வளாகத்தில் நூலக உதவியாளர் இடம் காலியாம். மாறுதல் விண்ணப்பத்துக்கு ஜூன் 25 கடைசி. எனக்குப் போக மனமில்லை. என் வீட்டுக்காரருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. சின்னது இப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்கு அழாமல் போகிறாள். போனால் நான் மட்டும் தனியாகப் போய் இருக்க வேண்டும்.

ஆனால் என் ஒப்பந்தம் வளாகத்தோடு கட்டப்பட்டது. வளாகம் இருக்கும்வரை நான். போன வருடம் இங்கே சேர்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர்தான். அதனால் கேட்கிறேன். ஆறு வளாகத்தின் ஜாதகமும் உன் மேசையில்தான் எழுதப்படுகிறது. எங்களைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் முதலில் எனக்குச் சொல்லிவிடு. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடி என்று எடுத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

சின்னதுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லை.

உன்,
குண்டூசி

தலைமை வளாகம்
ஜூன் 10

குண்டூசிக்கு,

இன்று சொல்லாமல் விட்டது: “சார், எழுதினது நீங்க, வாசிச்சது அவ, எனக்கு எதுக்கு மெமோ?”

ஆமாம், மெமோ. உங்கள் பொறுப்பாளர் யோசித்து முடித்துவிட்டுப் பதிவாளருக்கே புகார் எழுதிவிட்டார். அடைமொழி என்னை நிற்க வைத்துப் பேசினார். “ஒப்பந்தம் செப்டம்பர்ல முடியுது, ஞாபகம் இருக்கட்டும்மா” என்றார். அடைமொழியே இல்லாமல் அவர் பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

உனக்கு விளையாட்டு. இந்த அறையை விட்டால் எனக்குப் போக வேறு இடமில்லை, தெரியும்தானே? அம்மாவின் மருந்து, தம்பியின் படிப்பு, எல்லாம் இந்த நாற்காலியின் நான்கு காலில்தான் நிற்கின்றன. தயவுசெய்து எனக்கு ஒரு சத்தியம் செய். இனிமேல் என் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்ப மாட்டாய். பழைய வருடத்துத் தாள்களில்தான் எழுதப்போகிறேன். இருந்தாலும் திருப்பாதே. முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் அலுவலகத்துக்கு.

கமா

நான்காம் வளாகம்
ஜூன் 13

என் கமாவுக்கு,

தப்புதான்டி. உன் கடிதம் வந்ததிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை.

சத்தியம். வெறும் வாய்ச் சத்தியம் இல்லை, நூலகக்காரியின் சத்தியம். பழைய நூல் பதிவேடு ஒன்றில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. உன் கடிதங்களை எல்லாம் அதில் பசை தடவி ஒட்டிவிட்டேன், பின்பக்கம் உள்ளே போகும்படி, நான்கு ஓரமும் அழுத்தி. இனி வருகிறவற்றையும் வந்த கையோடு திருப்பாமல் ஒட்டிவிடுவேன். நானே ஆசைப்பட்டாலும் பார்க்க முடியாது. போதுமா? சிரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

குண்டூசி

தலைமை வளாகம்
ஜூன் 17

அன்புக் குண்டூசிக்கு,

இன்று சொல்லாமல் விட்டது: அதை இங்கேயும் எழுத முடியவில்லை.

சிரித்துவிட்டேன். கோபமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. உண்மையில் நீ அவ்வளவு கறாராக இருந்திருக்க வேண்டாம். உன் பழைய கெட்ட பழக்கங்களில் சிலதை நீ விடாமல் வைத்திருக்கலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இங்கே மழை. சன்னலுக்கு எதிரே உள்ள சுவர் நனைந்து கறுத்துவிட்டது. பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருப்பதால் அதில் ஊறும் ஈரம் எந்தச் செங்கல் வரை வந்திருக்கிறது என்று நாள்தோறும் பார்க்கிறேன். கையேட்டில் பக்கம் மூன்றை இந்த வாரம் இரண்டு தடவை மாற்றினோம்.

சின்னதுக்குப் பல் விழுந்ததா? இந்தக் கடிதத்தைப் பசை போடுவதற்கு முன் ஒரு முறை நிதானமாகப் படி. தாள் நல்ல தாள்.

கமா

நான்காம் வளாகம்
ஜூன் 21

அடி கமா,

சொல்லாமல் விட்டதை எழுதவும் முடியவில்லையாமே! யாருடி அவன்? கணக்குப் பிரிவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவரா? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உன் தோழி வாயைத் திறந்து சொல்றதுக்குள்ள அந்த ஆளுக்குப் பேரன் பொறந்துடும்” என்கிறார்.

நிதானமாகத்தான் படித்தேன். மூன்று தடவை. பிறகு நல்ல பிள்ளையாக ஒட்டிவிட்டேன். நீ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாலும் நான் சத்தியத்தை மீறுவதாக இல்லை. ஒரு தடவை உன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது போதும்.

பல் விழுந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு நூலகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாள். “இங்கதான்மா பத்திரம்” என்கிறாள்.

மாறுதல் விண்ணப்பம் வாங்கி நிரப்பியே வைத்திருந்தேன். நீ ஒன்றும் எழுதவில்லை என்பதால் கிழித்துப் போட்டுவிட்டேன். அப்பாடா என்று இருக்கிறது. கதைப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி கேட்டு எழுதியிருக்கிறேன்.

உன்,
குண்டூசி

தலைமை வளாகம்
ஜூன் 25

அன்புக் குண்டூசிக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. இந்தப் பை உன்னிடம் வரும்போது இருபத்தேழு ஆகிவிடும்.

சின்னதுக்கு என் முத்தம். மழை நின்றுவிட்டது. கையேடு அச்சுக்குப் போகிறது.

கமா

ஆகஸ்ட் 5

கமாவுக்கு,

ஜூலை பதினைந்தாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். முப்பத்தொன்றாம் தேதி மூடினார்கள். நடுவில் இருந்த பதினாறு நாளில் நாலாயிரத்துச் சொச்சம் புத்தகத்தையும் சாக்கில் கட்டினேன். என்னுடன் வேலை பார்த்தவர்கள் ஒன்பது பேர். பொறுப்பாளரை மட்டும் தலைமை வளாகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். போகும்போது, “உங்க தோழி அங்கதானே இருக்காங்க, உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?” என்று கேட்டார். “அவளுக்கே தெரிஞ்சிருக்காது சார்” என்று உனக்காகச் சண்டை போட்டேன்.

பிறகு பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதை விட மனம் வரவில்லை. பக்கங்கள் கனமாக இருந்ததால் உன் கடிதங்களை மட்டும் பிரித்துவிடலாம் என்று ஈரத்துணியை வைத்து ஒவ்வொன்றாக உரித்தேன். எனக்கு அது கைவந்த வேலை, ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை.

ஜூன் பதினேழாம் தேதிக் கடிதத்தின் பின்னால் பக்கம் மூன்று இருந்தது. “ஆறு வளாகங்களில்” என்பதில் ஆறை அடித்து ஐந்து என்று எழுதியிருந்தது. நூல் நூற்ற இடம் முழுவதும் குறுக்கே அடிபட்டிருந்தது. கடலோர வளாகத்துக்குப் பக்கத்தில் ஐந்தை அடித்து நான்கு. எல்லாம் சிவப்பு மை. அடைமொழியின் கையெழுத்தாக இருக்கும் என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த “ஐ”க்கு இவ்வளவு நீளமாக வால் இழுப்பது உலகத்தில் நீ ஒருத்திதான்.

நீ சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாய். பார்க்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிய பக்கத்தில் சொன்னாய். முன்பக்கத்தில் பல் விழுந்ததா என்று கேட்டாய்.

ஒரு போன் போதும்டி. “விண்ணப்பத்தைப் போடு.” இரண்டே வார்த்தை. ஏன், எதற்கு என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

தீப்பெட்டி சாக்கு மூட்டைகளோடு போய்விட்டது. சின்னது தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
முன்னாள் நூலக உதவியாளர்

நவம்பர் 12

அன்புக் குண்டூசிக்கு,

ஜூன் 24 அன்று சொல்லாமல் விட்டது: உன் கடிதத்தைப் படித்த உடனே மாடிப்படிக்குக் கீழே உள்ள போனில் உங்கள் அலுவலகத்துக்குப் பேசினேன். பொறுப்பாளர் எடுத்தார். “நூலகத்தில இருக்கிறவங்ககிட்ட பேசணும்” என்றேன். “கூப்பிடுறேன், நீங்க யாரு?” என்றார். தூரத்தில் நீ யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வருவது கேட்டது. வைத்துவிட்டேன்.

ஜூன் பதினேழாம் தேதிக் கடிதத்துக்குக் கை தவறி எடுத்த தாள் இல்லை அது. வளாகங்கள் குறித்து “எழுத்தாலோ பேச்சாலோ” வெளியிட மாட்டேன் என்று எங்கள் இருவரிடமும், என்னிடமும் அச்சகக்காரரிடமும், கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், நீயாகத் திருப்பிப் பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ சத்தியத்தைக் காப்பாற்ற மாட்டாய் என்று நம்பினேன். உன்னைப் பற்றி நான் நினைத்ததிலேயே மோசமானது அதுதான்.

பசை போட்டுவிட்டாய் என்று தெரிந்த பிறகும் ஒரு முழு நாள் என் கையில் இருந்தது. அதற்குக் காரணம் பயம் என்று எழுதினால் அடைமொழி போல ஆகிவிடும்.

செப்டம்பரில் உனக்கு ஒரு கடிதம் எழுதி, கை பழகிய பழக்கத்தில் “நான்காம் வளாகம்” என்று விலாசம் போட்டுப் பைக்குள் போட்டுவிட்டேன். அது கடலோரத்துக்குப் போய், “இப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று திரும்பி வந்தது. இப்போது அதுதான் நான்காம் வளாகம். அக்டோபரில் உன் வீட்டு விலாசத்துக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. இது மூன்றாவது. வெள்ளைத் தாள் வாங்கி எழுதுகிறேன். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

மைய நூலகத்தின் கிடங்கில் உங்கள் சாக்குகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. மதிய இடைவேளையில் போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தேடினேன். பதினெட்டாவது சாக்கில் தீப்பெட்டி கிடைத்தது. பஞ்சு சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வளாகத்தின் அந்த இடத்துக்கு யாருமே விண்ணப்பிக்கவில்லை. கேட்பாரில்லை என்று ஆகஸ்டில் அந்தப் பணியிடத்தையே ரத்து செய்துவிட்டார்கள். என் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

கமா