ஓட்டையில்லாத இலைகள்

போனைப் பட்டென்று வைத்துவிட்ட என் நர்சரிக்காரருக்கு,

திரும்பி வரும் லாரியின் டிரைவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். "அக்கா, சாரோட செடியவே திருப்பி அனுப்புறீங்களா?" என்று வாயைப் பிளந்தார். ஆமாம், ஒன்று விடாமல்.

"ஒரு இலையில ஒரு ஓட்டை இருந்தா காட்டு பாப்போம்!" என்று போனில் கத்தினீர்களே, ஓட்டை இல்லை என்பதுதான் என் புகாரே. எந்த நாட்டிலிருந்தோ வந்த அந்த அலங்காரச் செடியை இந்தக் காட்டுப் புழு எதுவும் வாயில் வைக்காது. புழு இல்லையென்றால் வண்ணத்துப்பூச்சி ஏது? குருவி தன் குஞ்சுக்கு எதை ஊட்டும்? இது ஓட்டல் வாசல் இல்லை, காப்புக்காடு.

"வீட்டுக்காரர்தானே, கண்டுக்காம விடுங்கம்மா" என்றார் என் மேலதிகாரி. வீட்டுக்காரர் என்பதால்தான் விட முடியாது. இங்கே நடும் கன்றுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான். நாளை இந்தக் காடு ஊமையாகிப்போனால் உங்கள் பேரும் சேர்ந்துதான் கெடும்.

இந்தக் காட்டு விதையில் முளைத்த கன்றுகளை, மருந்தடிக்காமல் வளர்த்துக் கொண்டுவாருங்கள். எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன். கன்றுகளுக்குத்தான்.

விலைபோகாது என்று என் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு காட்டு எலுமிச்சையை நட்டுவிட்டு, மறுநாளே பெட்டியோடு கிளம்பினீர்களே, அதன் இலைகளைப் புழுக்கள் கடித்துக் குதறி வைத்திருக்கின்றன. நான் ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை. நீங்கள் கொடுத்ததில் இந்தக் காடு ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வந்து பாருங்கள்.

உங்கள் லாரிக்குப் போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன்,
உங்கள் மனைவி