வேறு வேலை

அன்புத் தம்பிக்கு,

வெளிநாட்டுப் பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்கிய வருடம், பொருளாதார வகுப்பில் நீ வேலை பார்த்த பூட்டுத் தொழிற்சாலையையே உதாரணமாகச் சொன்னேன். "அது மூடினாலும் நஷ்டமில்லை. ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள், எல்லாருக்கும் பூட்டு மலிவாகக் கிடைக்கும்." மூன்றாம் பெஞ்சில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை நீ என் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டாய்: "அந்த வேற வேலை எங்கக்கா இருக்கு? விலாசம் குடு, நாளைக்கே போறேன்."

"பாடத்துல அப்படித்தான்டா இருக்கு," என்றேன். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

அடுத்த வருடம் தொழிற்சாலை மூடியதும், அந்த வெளிநாட்டுப் பூட்டுகளின் இறக்குமதிக் கிடங்கிலேயே நீ காவலாளியாகச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். "பார்த்தீர்களா, வேறு வேலை கிடைத்துவிட்டது" என்று அதையும் வகுப்பில் சொன்னேன்.

உன் மகள் அப்போது என் வகுப்பில் இல்லை, அதனால் இது உனக்குத் தெரியாது. இதை மறைத்துவிட்டு உன்னை வீட்டுக்கு அழைக்க மனம் வரவில்லை. படித்த பிறகும் வரத் தோன்றினால் வாடா.

உன் அக்கா