குழுவிலிருந்து நீக்கப்பட்ட அக்கா

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாணவர்களுக்காக நீ நடத்தும் புரோகிராமிங் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக மக்குத்தனமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அந்த 'புதுமுகம்' நான்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விடுதிச் சமையலறை வாசலில் நீ ஒட்டிய நோட்டீஸில் இருந்த கறுப்புக் கட்டத்தை, அதான் அந்த க்யூஆர் கோடை, போனில் பிடித்தேன். அது உள்ளே விட்டுவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

நேற்று கண்டுபிடித்து நீக்கிவிட்டாய். போனிலும் பிளாக். அதனால்தான் பேப்பர், பேனா. எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பாதே, நான் ஐந்தாவதோடு நின்றவள்.

"x = x + 1ன்னா எப்படி? இருக்கிற தட்டும், அதோட ஒண்ணு கூடின தட்டும் எப்படிச் சமமாகும்?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "வகுப்பில் சொல்லியாயிற்று" என்றாய். கீழேயே பதினேழு பிள்ளைகள் "எனக்கும் புரியல" என்று போட்டார்கள். அதுவரை வாயே திறக்காதவர்கள்! கடைசியில் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்திதான் விளக்கினாள்: "அது சமம் இல்லப்பா. டப்பாவுல இருக்கிறதோட ஒண்ணு சேர்த்து, அதே டப்பாவுல வைன்னு அர்த்தம்."

பன்னிரண்டாம் தேதி தேர்வு. நான் போனதும் எல்லாரும் மறுபடி கப்சிப்பாம். மரியாதையாக என்னைச் சேர்த்துவிடு.

உன் அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

அது மாணவர்களுக்கான குழு. உள்ளே இருந்தது விடுதிச் சமையல்காரி என்று துறைத்தலைவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? அவள் என் அக்கா என்று தெரிந்தால்? இப்போது நீயே தனிக்குழு தொடங்கி, நாற்பது பேர் அங்கே போய்விட்டார்களாம். இன்றே மூடு. என் மானத்தை வாங்காதே.

தம்பி

மார்ச் 9

மானஸ்தன் தம்பிக்கு,

மூட மாட்டேன். நீ கத்தினாலும் மாட்டேன், அழுதாலும் மாட்டேன்.

துறைத்தலைவரிடம் நானே சொல்லிவிட்டேன். டீ கொண்டுபோனபோது, "சார், புரோகிராமிங் குழுவுல கேள்வி கேட்டுட்டு இருந்த புதுமுகம் நான்தான். உங்க வாத்தியார் என் கூடப்பிறந்தவன்" என்றேன். அவர், "அப்படியாம்மா? டீ ஆறிப்போச்சே, வேற குடுங்க" என்றார். நீ மூன்று வருடம் மூடி மூடி வைத்த மானம் அவ்வளவுதான். ஒரு டீயோடு முடிந்தது.

பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கேள்வி கேட்கப் பயப்பட மாட்டான். நேற்று மட்டும் அறுபது கேள்வி வந்தது. லூப்புக்குள் லூப் என்கிறார்கள், அந்த மூன்றாம் ஆண்டுப் பெண்ணுக்கே விழி பிதுங்குகிறது. பதில் தெரிந்த ஒரே ஆள் நீ. தேர்வுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. நீ என்னை பிளாக் செய்திருப்பதால், அந்தப் பெண்ணைக் கொண்டே உன்னை எங்கள் குழுவில் சேர்த்துவிட்டேன். வாத்தியாருக்கு மரியாதை வேண்டுமே என்று அட்மினாகவும் ஆக்கினேன். அடுத்து என் போட்டோவை மாற்றப் போய் 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டேன். இப்போது அங்கே அட்மின் நீ மட்டும்தான். நான் குழுவில் இல்லை.

அக்கா