நாற்பத்தேழாம் உறை

3.11.1998
மழை. கல்லூரி அருங்காட்சியகத்தில் இன்றும் நானும் இருநூற்றுப் பத்து பூசண உறைகளும்தான். ஊரில் எல்லோரும் பூசணத்தைத் துடைத்து எறிகிறார்கள். நான் அதைக் காயவைத்து, உறையிலிட்டு, பாச்சை உருண்டை போட்டுக் காக்கிறேன். நல்ல பிழைப்பு!
எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பப் போகிறார்களாம். மாதம் முடிவதற்குள் பட்டியல் வேண்டுமாம்.

6.11.1998
47-ஐ எடுத்தேன். தறியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகள், விரல் நீளத்துக்கு, அரக்கு நிறப் பட்டு; மேலே சாம்பல் பூசணம். சீட்டில் என் கையெழுத்து: 'கஞ்சி போட்ட பாவு. நமச்சிவாயம் வீடு, காஞ்சிபுரம். 12.11.92.'
எங்கே கிடைத்ததோ அதை உள்ளபடி எழுதவேண்டும் என்று படித்தவள் அல்லவா? பெற்ற அப்பாவின் பெயரையே எழுதிவைத்தேன். கல்லூரிக் கண்காட்சியில் பட்டுக்கடை ராஜகோபால் அதைப் படித்தார். நமச்சிவாயம் வீட்டுப் பாவில் பூசணம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதன் பிறகு அப்பாவுக்கு நெய்ய யாரும் பாவு தரவில்லை. அடுத்த ஆடியிலேயே போய்விட்டார்.
சாவு வீட்டில் கூடப்பிறந்த முனிரத்தினம் அண்ணன் சொன்னது: "நீ எழுதின சீட்டுதான் அவர சாய்ச்சிது. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."
ஐந்து வருஷம். நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

8.11.1998
ஞாயிறு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

11.11.1998
அந்தச் சீட்டை இனி சென்னையிலும் படிக்கவேண்டுமா? புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன்: 'ஒரு நெசவு வீடு, காஞ்சிபுரம்.' பழைய சீட்டை எறிவது எங்கள் வழக்கமில்லை. மடித்து உறைக்குள்ளேயே வைத்தேன்.
மார்க்கெட்டில் தையல்நாயகி அண்ணியைப் பார்த்தேன். "அப்பா பேர எடுத்துட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி."
"சொல்லிப் பாக்கறம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

15.11.1998
சொல்லியிருப்பாளா? சொன்னால் மட்டும் வந்துவிடுவானா? என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: எதுக்குடி வாசலையே பாத்துக்கினு இருக்கற, அம்சா?

20.11.1998
அண்ணன் வந்தான்! தலை முழுக்க நரை. குடையைக்கூட மடக்காமல் அருங்காட்சியக வாசலில் நின்றான்.
"அத காட்டு."
உறையைப் பிரித்தேன். தொடாமல் குனிந்து பார்த்தான். "அவர் கடைசியா போட்ட பாவு. வூட்ல ஒரு இழைகூட இல்ல." பிறகு சீட்டைப் படித்தான். "ஒரு நெசவு வீடா? யார் வூடு இது? பேர் எங்க?"
"நீதானே கோச்சிக்கின..."
"கோவம் உன் மேல. அவர் பேரு இன்னா பண்ணிச்சி?"
பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வாய்விட்டுப் படித்தான். அப்பா பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தான். நான் அழுதேன். அவன் சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

30.11.1998
பெட்டிகள் போயின. 47-இல் பழைய சீட்டுதான் மேலே. அலமாரிகள் காலி, நான் மட்டும் மிச்சம்.

2.12.1998
கார்த்திகை தீபம். ஒரே ஒரு அகல் ஏற்றினேன். அண்ணி வந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். பொரி உருண்டை. தங்கைக்கு அண்ணன் அனுப்பும் கார்த்திகைச் சீர், ஐந்து வருஷத்துக்குப் பிறகு. காகிதத்தின் மேல் பென்சிலில், அண்ணனின் கோணல் எழுத்து:
'பொரி உருண்டை. நமச்சிவாயம் வீடு, காஞ்சிபுரம். 2.12.98.'
உருண்டைகளைத் தின்றுவிட்டேன். காகிதத்தை எறியவில்லை.