கரையேறாத வண்டி

பழங்காநத்தம்,
9.1.1987

அன்புள்ள மாப்ள ஜனகராஜுக்கு,

மலையாண்டி எழுதுவது. பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். என் முகம் இப்போது நன்றாகத் தெரிகிறதாம், இளைத்துப் போயிருக்கிறேனாம். கம்பெனி எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். நல்லபடியாக நடக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

உண்மையில் கார்த்திகைக்கு மறுநாளே கம்பெனியைப் பூட்டியாகிவிட்டது.

குறை இருப்பது தெரிந்தும் ஏன் அந்த வீடியோ கேமை வெளியே விட்டீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இரண்டு மாதம் போய்விட்டது.

நீ இருந்தபோது நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். டிவி முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் ஆடிப் பார்க்கிற முருகம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வெள்ளத்தில் வைகைத் தரைப்பாலத்தைக் கடக்கும் மாட்டுவண்டி, வரவரக் கடினமாகிற ஆட்டங்களில் முதல் ஐந்தில் ஒழுங்காகக் கரையேறுகிறது, ஆறாவதில் ஏறுவதில்லை. ஆற்றின் நடுவிலேயே நிற்கிறது. ஆட்டம் முடிவதும் இல்லை, தொடர்வதும் இல்லை. தேதி போட்டு நோட்டில் எழுதினாள். நீ அதைப் பார்த்துவிட்டு, தப்பு என்னுடையதுதான், திருத்த இரண்டு மாதம் வேண்டும் என்று முதலாளியிடம் எழுதியே கொடுத்தாய். ஆனால் உன் புரோகிராமைப் பதித்த சிப் இரண்டாயிரமும் அதற்குள் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தன. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு முதலாளி நல்லகாமன் அண்ணன் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. பம்புசெட் கடையை அடகு வைத்து ஆரம்பித்த கம்பெனி அது. தீபாவளிக்கு வருகிறது என்று திண்டுக்கல், காரைக்குடிக் கடைக்காரர்கள் போர்டு வைத்துவிட்டார்கள். தியேட்டர்களில் சிலைடு ஓடியது. அட்டைப் பெட்டி அச்சடித்து வந்து அடுக்கியாகிவிட்டது. தீபாவளி போனால் அடுத்த வருஷம் வரை எவனும் வாங்க மாட்டான் என்றார். கடைசியாக, “ஆறாவது ஆட்டம் வரைக்கும் எவன்டா ஆடப் போறான்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வெளியே விடலாம் என்று யாரும் முடிவு செய்ததாகவே எனக்கு நினைவில்லை, மாப்ள. கடைக்காரருக்கு முதலாளி பயந்தார், முதலாளிக்கு நான் பயந்தேன். பெட்டி கட்டுகிற பதினான்கு பெண்களும் தீபாவளிச் சம்பளத்தை நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிற இடம் என்னுடையது. நான் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள் என்று நினைத்தேன். கடகடவென்று போட்டுவிட்டேன்.

பிள்ளைகள் மூன்றே நாளில் ஆறாவது ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

திரும்பி வந்த பெட்டிகளை வாசலில் உட்கார்ந்து நான்தான் வாங்கினேன். ஒருநாள் திருமங்கலத்திலிருந்து மொக்கையன் என்று ஒருவர் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். பெட்டியை வேட்டித்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

“வண்டி ஏற மாட்டேங்குதுன்னு எம்மக சொன்னா தம்பி. நீதான் ஆடத் தெரியாம ஆடிக் கெடுத்துப்புட்டேன்னு நான் அவள அடிச்சுப்புட்டேன். காது வீங்கிக் கெடக்கா. பொட்டி முந்தியே இப்படித்தானா, இல்ல அவ கெடுத்தாளா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

எனக்குப் பின்னால் முதலாளியும் காரைக்குடிக் கடைக்காரரும் நின்றிருந்தார்கள்.

“புள்ளைக ஆடுனதுல கெட்டிருக்கும்ணே” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னாரோ. இரண்டு முறை திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சைக்கிள் கடை எங்கே என்று விசாரிக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

கடைக்காரர்கள் வக்கீலிடம் போனதும், குறையை மறைத்தது புரோகிராம் எழுதியவன்தான், கம்பெனிக்கு எதுவும் தெரியாது என்று ஒரு தாள் தயார் செய்தார்கள். நீ எழுதிக் கொடுத்த கடிதத்தை முதலாளி என் கண் முன்னால் கிழித்தார். முருகம்மாளையும் என்னையும் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றாள். “அந்த அண்ணன் ஒளிச்சு வைக்கல. நாந்தானே நோட்டுல எழுதுனேன்” என்றாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மில்லில் தினக்கூலிக்குப் போகிறாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனியைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். அதுவும் நடக்கவில்லை. சம்பளப் பாக்கி யாருக்கும் வரவில்லை. அந்தத் தாளின் நகல் ஒன்றை வக்கீல் உன் பெங்களூர் ஆபீசுக்கும் அனுப்பியிருப்பதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். இது உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

அதனால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். ஜனகராஜ் குறையை மறைக்கவில்லை. பெட்டி வெளியே போவதற்கு முன்பே முதலாளியிடம் எழுதிக் கொடுத்தான். எனக்கும் தெரியும். சாட்சியாக நான் போட்ட கையெழுத்து பொய். இது மலையாண்டி, கீழக்குயில்குடி கருத்தக்கண்ணன் மகன், சுயநினைவோடு எழுதியது.

இதை உன் மேலதிகாரியிடம் காட்டு. நம்புவார்களா என்று தெரியவில்லை. ஒருமுறை பொய்க் கையெழுத்துப் போட்டவனின் கையெழுத்துத்தானே இதுவும். கோர்ட்டில் ஏற்றி முதலாளியின் முகத்துக்கு நேரே கேட்டால் இதையே சொல்வேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை, மாப்ள. சொல்லாமல் போய்விடுவேனோ என்ற பயத்தில்தான், தைரியம் இருக்கிற இந்த ஒரு பொழுதில் எழுதித் தபாலில் சேர்க்கிறேன்.

பதில் போட வேண்டாம். அங்கே பெங்களூரில் ஏதாவது வேலை இருந்தால் முருகம்மாளைக் கூப்பிட்டுக்கொள். அம்மாவைப் பொங்கலுக்கு வந்து பார். திருப்பரங்குன்றத்து முருகன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

பிறகு நான் வந்து கேட்டாலும் இந்தக் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே.

உன்,
மலையாண்டி