பக்கத்து வீட்டு ஆளு

நவமணி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் புருஷன் பிச்சைமுத்துவுக்கு எழுத உட்கார்ந்தாள்.

"சோறு பானையில இருக்கு. நெத்திலி சம்பல மூடி வச்சிருக்கேன். மத்தியானத்துக்கு மேல சுங்காய்லருந்து அக்கா வாராங்க. நீங்க சாப்பிட்டுத் திரும்பிப் போறப்ப சாவிய பூந்தொட்டிக்கு அடியில வச்சிருங்க."

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

நேற்று சாயங்காலம் தையல் பேக்டரி வாசலில், கல்லுமலையில் கல் உடைத்த தூசியோடு மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற பிச்சைமுத்து, வீட்டில் கூப்பிடுவது போலவே, "ராசாத்தி, இங்க!" என்று குரல் கொடுத்தான். கூட வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"யாருலா அது?" என்றாள் ஒருத்தி.

"பக்கத்து வீட்டு ஆளு," என்று சொல்லிவிட்டாள் நவமணி.

அது அவன் காதில் விழுந்துவிட்டது. இன்று விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "நவமணி, கதவச் சாத்திக்க," என்றான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"அவளுங்க சிரிச்சதும் வெக்கப்பட்டு அப்படிச் சொல்லிட்டேன். இப்ப என்னை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு. மன்னிச்சிருங்க. சாயங்காலம் பேக்டரிக்கு என்னை ஏத்த வாங்க. கோவத்துல ரோட்டுக்கு அந்தாண்ட நிக்காம நேத்து மாதிரி வாசலுக்கே வாங்க. நீங்க யாருன்னு நானே எல்லாருக்கும் சொல்றேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு வரி சேர்த்தாள்.

"பேரச் சொல்லி மட்டும் கூப்பிடாதீங்க."