சிவப்புத் துண்டோடு விழுந்த சூசை அண்ணனுக்கு

அன்புள்ள சூசை அண்ணே,

ரீகனைப் பிடித்துவிட்டார்கள். நேற்று மாலை, சிறுமலையில் ஒரு வாழைத் தோட்டத்துக் கொட்டகையில். இன்று காலை காவல் நிலையத்தில் ஆய்வாளரே என்னிடம் சொன்னார். உன் பின்மண்டையில் அடித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அடித்த இரும்புக் குழாயையும் அவன் காட்டிய இடத்திலிருந்து, நம் குளத்துச் சகதியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

ரீகன் என்றால் நம் தெரு ரீகன்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கோல் விழுந்தால் உன் தோளில் ஏறிக் குதிப்பானே, அவன். உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்பக்கம் இடது கைப்பிடி அவனுடையது. 'சிந்திய ரத்தத்துக்குப் பதில் சொல்வோம்' என்று உன் படத்தைப் போட்டு மணிக்கூண்டுப் பக்கம் ஒட்டிய போஸ்டரில் முதல் பெயரும் அவனுடையதுதான்.

உனக்கு எப்படி இருக்கிறது, அண்ணே? உன்னைக் கொன்றவன் மேட்டுத் தெருக்காரன் இல்லை என்பது?

இந்தக் கடிதம் செய்தித்தாளில் வருவதால், உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. குளத்துத் தெருவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் நடுவில் ஒரு மைதானம். இரண்டு தெருவுக்கும் ஆளுக்கொரு கால்பந்து அணி. நமக்குப் பச்சைத் துண்டு, அவர்களுக்குச் சிவப்பு. உனக்கு ஆடவே வராது. இளவட்டமாக இருந்தபோது மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்து உட்கார்ந்தே எழுந்து வந்தாய். ஒரு ஆட்டத்தில்கூட உன்னை இறக்கவில்லை. ஆனால் அணியோடு வந்து நிற்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. விடியற்காலையில் நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றப் போகிறவன், ஆட்டம் என்றால் மட்டும் வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவாய்.

ஒருமுறை அடிதடியில் மேட்டுத் தெருக் கொத்தனார் பெரியசாமியின் முன்பல் இரண்டை நீ உடைத்தாய். அவர் உன் காதைக் கிழித்தார். இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். அங்கே பேசி வைத்துக்கொண்ட வழக்கம்தான் அந்தத் துண்டு. இறுதி ஆட்டத்தில் கடைசி விசில் அடித்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், நீயும் அவரும் நடுக்கோட்டுக்குப் போய்த் துண்டை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் அன்றைக்குத் தோற்ற தெருவுக்குள் போய் யாரும் வெடி வெடிக்கக் கூடாது. அதன்பிறகு எத்தனையோ ஆட்டம் போயிற்று. தலை உடையவில்லை.

இந்தத் தடவை வந்தது பெனால்ட்டி.

கூடுதல் நேரமும் முடிந்து, ஆட்டம் சமன் என்று ரெஃப்ரி விசில் அடித்தார். நீ பாட்டுக்கு எழுந்து நடுக்கோட்டுக்குப் போனாய். பெரியசாமி அண்ணனும் வந்தார். நான் கயிற்றோரம்தான் நின்றேன். நீங்கள் பேசியது அப்படியே காதில் இருக்கிறது.

"யோவ், இன்னும் பெனால்ட்டி இருக்குய்யா" என்றார் அவர்.

"விசில் அடிச்சாச்சுல்ல. பேசுனது விசிலுக்குத்தான். பெனால்ட்டிக்குத் தனியாப் பேசினமா?"

"அப்ப பெனால்ட்டி முடிய உன் பச்சையப் போட்டுக்கிட்டு எங்காளுக மத்தியில நிக்கவா? ஒதைப்பானுக."

"நான் மட்டும் என்ன? ஒன் வேர்வை நாத்தத்தக் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான நிக்கப் போறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போட்டியைத் தன் இணையப் பக்கத்தில் நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரரும் கேமராவைத் திருப்பி அதை எடுத்தார். பிறகு நீ சிவப்புத் துண்டோடு நம் பக்கம் வந்து நின்றாய். பெரியசாமி அண்ணன் பச்சையோடு அவர் பக்கம் போனார்.

அவர்களுடைய கடைசி உதை மேல்கம்பியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ரெஃப்ரி கோல் என்றார். முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் பறந்தது. அடுத்தது கல். பிறகு இரண்டு பக்கமும் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். பெஞ்சுப் பலகையைப் பிய்த்தார்கள். மூலைக் கொடிக்கு நட்டிருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கினார்கள். ஒரு மேட்டுத் தெரு ஆளைக் கோல் வலையில் சுருட்டிப்போட்டு மிதித்தார்கள். அவருக்கு விலா எலும்பு போனது. நம் கோல்கீப்பரின் விரல்களைக் கல்லால் நசுக்கினார்கள். புழுதி கிளம்பியதில் முகம் தெரியவில்லை. துண்டின் நிறம்தான் தெரிந்தது.

நீ ஓடியது அடிக்க இல்லை. நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து, மேட்டுத் தெருக் கூட்டத்தைப் பார்த்து, "போதும்டா, பின்னால போங்கடா" என்று கத்தினாய். உன் முதுகு நம் பக்கம் இருந்தது. முதுகில் கிடந்தது சிவப்பு.

ரீகன் எதிர்ப்பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தவன். நீ துண்டை மாற்றியதை அவன் பார்க்கவில்லை. குழாயோடு ஓடி வந்தான்.

உன்னைக் கொன்றதாகப் பிடித்துப்போட்டிருந்த பெரியசாமி அண்ணனைச் சிறையில் போய்ப் பார்த்தபோது கேட்டேன். "சத்தம் ஒண்ணுமே கேக்கல தம்பி. இம்புட்டுக் கூச்சல்ல என்னத்தக் கேக்கும். புழுதியில அடிச்சவன் மொகமும் தெரியல. அப்படியே முன்னால சாஞ்சாரு. ஓடிப்போயி மடியில போட்டேன். மண்டை கையில நெகிழுது. கழுத்துல இருந்த பச்சைத் துண்ட எடுத்து அமுக்கிப் பிடிச்சேன், நிக்கல" என்றார். அவர் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே, பச்சையைப் பார்த்த மேட்டுத் தெருக்காரன் எவனோ அவர் முழங்கையில் பலகையால் போட்டிருக்கிறான். சொந்தத் தெரு ஆள் கையால் உடைந்த அந்தக் கட்டோடுதான் அவரைக் கைது செய்தார்கள்.

போலீஸ் வந்தபோது கண்டது இதுதான். பிணத்தின் கழுத்தில் மேட்டுத் தெருத் துண்டு. மேட்டுத் தெருக்காரர் கையில் ரத்தம் ஊறிய நம் தெருத் துண்டு. கட்டிப் புரண்டதில் துண்டு மாறியது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் சிலர், பெரியசாமி அடித்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று வாக்குமூலமே கொடுத்தார்கள். துண்டு மாற்றியபோது சிரித்தவர்கள்தான் அவர்கள். அதைப் போலீசிடம் நானும் சொன்னேன். "நீங்க அண்ணன பறிகொடுத்தவரு சார், கொழப்பிக்கிறீங்க" என்றார்கள். ஸ்டுடியோக்காரரைத் தேடிப் போனால், வீடியோவை நீக்கச் சொல்லி மிரட்டிவிட்டார்கள் என்று கடையையே பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

உன்னைப் புதைத்த அன்று மாலையே நம் ஆட்கள் பெரியசாமி அண்ணன் வீட்டில் சாரப் பலகைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அவர் மகனைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் மறித்துத் தொடையில் குத்தினார்கள். மறுநாள் மேட்டுத் தெருக்காரர்கள் நம் கால்பந்து மன்றத்தின் கூரையை இறக்கினார்கள். நம் பக்கம் செய்த ஒவ்வொன்றுக்கும் உன் பேர்தான் சொல்லப்பட்டது, அண்ணே. கத்தியை எடுத்தவனும் உன் பேரைச் சொல்லித்தான் எடுத்தான்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. ரீகனும் பந்தியில் உட்கார்ந்தான். மதினிதான் பரிமாறினார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை.

"ஏன் ரீகனு, வெஞ்சனம் வேணுமாப்பா?" என்று கேட்டார் மதினி.

அவன் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "சித்தி, நான்தான் சித்தி. மேட்டுத் தெருக்காரன்னு நெனச்சுட்டேன். பெரியசாமி மடியில பெரட்டிப் போட்டப்பப் பாத்தா சித்தப்பா."

மதினி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டு முடி," என்றார். "முடிச்சிட்டு ஸ்டேசனுக்குப் போவோம்."

அவன் கை கழுவ எழுந்தவன் அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அதன்பிறகு நேற்றுதான் கிடைத்தான்.

அன்று சாயங்காலமே மன்றத் தலைவர் ஆட்களோடு வந்தார். நல்லவிதமாகத்தான் பேச ஆரம்பித்தார்.

"தெரியாம நடந்துபோச்சு தாயி. சின்ன வயசு. கல்யாணம் பேசி வச்சிருக்கு. போனவரு திரும்பி வரப் போறாரா?"

"வரமாட்டாரு. உள்ள இருக்கவரு உசுரோடதான இருக்காரு."

"அவன் மேட்டுத் தெருக்காரன்."

"எம் புருசன் தலை கடைசியா அந்த மேட்டுத் தெருக்காரர் மடியிலதான் இருந்துச்சு. நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். "ஏப்பு, நீ படிச்சவன், பத்திரிகைக்காரன். நீ எடுத்துச் சொல்லு. நம்ம பயல நாமளே காட்டிக் குடுத்தா நாளைக்குத் தெருவுல யாரு நம்மள மதிப்பா? சூசை இருந்தா இதுக்கு ஒத்துக்குவானா? அவனுக்குத் தெருதானப்பா உசுரு."

அதற்கும் மதினிதான் பதில் சொன்னார். "அவருக்குத் தெரு உசுருதான். அதான் துண்ட மாத்துனாரு."

அடுத்த நாள் காலையில் நானும் மதினியும் போய் வாக்குமூலம் கொடுத்தோம். நம் தெருவுக்குள் நடந்துதான் போனோம். இரண்டு பக்கமும் வாசலில் நின்றார்கள். திரும்பி வருவதற்குள் வீட்டு ஓடுகளில் பாதி உடைந்து கிடந்தது. உன் பூ வண்டியின் கண்ணாடியை நொறுக்கி, கதவில் பச்சைப் பெயிண்டால் 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள். மன்றச் சுவரில் வரைந்திருந்த உன் படத்தின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அன்று ஒரு கல் மதினியின் நெற்றியில் பட்டு ஐந்தாறு தையல் போட வேண்டியிருந்தது. எறிந்தவன் யார் என்று அவருக்குத் தெரியும். சொல்ல மறுக்கிறார். "ஒரு பயலக் குடுத்தது போதும்" என்கிறார்.

பிறகு ஸ்டுடியோக்காரர் ஆய்வாளர் அனுப்பிய ஆளோடு திரும்பி வந்தார். இணையப் பக்கத்திலிருந்துதான் வீடியோவை நீக்கியிருந்தார். கேமராவில் மிச்சம் இருந்தது. நீயும் பெரியசாமி அண்ணனும் துண்டு மாற்றுவதும், அந்தச் சிரிப்பும், சிரித்தவர்களின் முகமும் அதில் தெளிவாக இருக்கின்றன. பொய் வாக்குமூலம் கொடுத்தவர்களின் முகமும் சேர்த்துத்தான்.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. தெருவுக்காகக் குழாயைத் தூக்கியவன் தெருவின் ஆள். தெருவுக்காகப் பொய் சொன்னவர்கள் தெருவின் ஆட்கள். துண்டை மாற்றிவிட்டு வந்து நம் பக்கமே நின்ற உன்னை எதில் சேர்ப்பது? தோற்றுப் போனால் உனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது என்பதை மதினி சொல்வார். அணியை விட்டுப் போனவர்களைப் பார்த்து, "பொண்டாட்டிய மாத்துனாலும் மாத்துவான், டீம மாத்துறவன நம்பாத" என்று நீ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். உன்னைவிடப் பச்சை யார்? ஆனால் ஒரு நிறத்துக்கு மேல் உன்னிடம் ஒன்றும் அவன் கண்ணில் படவில்லையே. அத்தனை வருஷம் உன் தோளில் ஏறிக் குதித்தவனுக்கு உன் முதுகு அடையாளம் தெரியாமல் போனது எப்படி?

இனி நிலுவையில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். போலீசிடம் ரீகன் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது. மாஜிஸ்திரேட் முன்னால் அதையே சொல்வானா என்பது இந்த வாரக் கடைசிக்குள் தெரியும். பொய் சொன்னவர்கள் மேல் வழக்கு உண்டா என்று கேட்டேன். ஆய்வாளர் மேசையில் இருந்த வேறு ஃபைலைத் திறந்தார். இறுதி ஆட்டத்தைத் திரும்ப நடத்துவதா, கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் விடுவதா என்று போட்டிக் குழு ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்கிறது. நடத்தினால் மறுபடி வெட்டு விழும் என்று இரண்டு தெருவிலும் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். உன் துண்டு இரண்டும், நீ கொடுத்ததும் வாங்கியதும், வழக்கு முடியும் வரை நீதிமன்றத்தில்தான் இருக்கும்.

பெரியசாமி அண்ணனை விடுவிக்கும் உத்தரவு திங்கட்கிழமை மாலைக்குள் வரும் என்று வக்கீல் சொல்கிறார். வந்தால் மதுரைச் சிறை வாசலுக்கு நானும் மதினியும் போவோம். நெற்றித் தையலோடு மதினி கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒரு பச்சைத் துண்டு வாங்கி வந்திருக்கிறார். அது பெரியசாமி அண்ணனுக்கு.

என் கழுத்தில் பழைய பச்சைதான் இருக்கும், அண்ணே. வண்டிக் கதவில் என்ன எழுதினாலும் அதை நான் கழற்றப் போவதில்லை. ஆட்டம் திரும்ப நடந்தால் நான் வருவேன், நம் அணிக்காகக் கத்துவேன். விசில் அடித்ததும், எத்தனை குழாய் நிமிர்ந்து நின்றாலும், நடுக்கோட்டுக்குப் போவேன். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்: பெனால்ட்டி என்றால், அதுவும் முடிந்த பிறகு.

உன் உடன்பிறந்தவன்,
குளத்துத் தெரு அருளப்பன்